மைசூர்ப் போர்களில் ஊரும் குடியும்

1767 முதல் 1799 வரையிலான 32 ஆண்டுகளில் மைசூர் அரசுக்கும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் இடையே நான்கு போர்கள் நடந்தன. ஹைதர் அலி, அவர் மகன் திப்பு சுல்தான், ஆர்க்காட்டு நவாப், பூனா மராட்டியர், ஐதராபாத் நிஜாம், சென்னையின் கும்பினியார், பிரெஞ்சுக்காரர் என்று பல தரப்பினர் இவற்றில் மோதினார்கள். கோட்டைகளும் சண்டைகளும் உடன்படிக்கைகளும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. அந்தக் கோட்டைகளுக்கு நடுவே கிடந்த ஊர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. ஊர் எரிப்பு, பயிர் அழிப்பு, கால்நடைக் கவர்வு, குடிகளைச் சிறைபிடித்துக் கொண்டுபோதல், பஞ்சம் ஆகிய ஐந்தும் இந்தப் போர்கள் முழுவதிலும் தொடர்ந்து வருகின்றன. அவை எங்கே, யாரால், எந்தக் காரணத்தால் நடந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நிலப்பரப்பு இரண்டு. ஒன்று, பாலாற்றிலிருந்து காவிரிக் கழிமுகம் வரை விரியும் தமிழ்ச் சமவெளி. அன்று அது கர்நாடகம் அல்லது பாயின்காட் எனப்பட்டது. மற்றது மலைத்தொடருக்கு மேலே உள்ள மைசூர்ப் பீடபூமி. இன்றைய மைசூர் நகரின் நடுவிலிருந்து அன்றைய தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அந்தத் தலைநகரை நோக்கி வந்த சேனைகளும் அங்கிருந்து புறப்பட்ட சேனைகளும் இந்த இரு நிலங்களின் ஊர்களை மிதித்துக்கொண்டுதான் சென்றன.

ஊர் ஏன் இலக்கானது

பதினெட்டாம் நூற்றாண்டுச் சேனை தன் உணவைத் தானே முழுவதும் சுமந்து செல்வதில்லை. சிப்பாயைவிடப் பல மடங்கு கூட்டம் அதன் பின்னே நடந்தது. குதிரைக்காரர், மாட்டுக்காரர், பல்லக்குத் தூக்கிகள், கடைக்காரர், சிப்பாய்களின் குடும்பத்தார் எனப் பாளையம் ஒரு நடமாடும் பட்டணமாகவே இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மேல் சென்ற ஜெனரல் ஹாரிஸின் சேனையோடு ஏறத்தாழ ஒரு லட்சம் மாடுகள் போயின. அத்தனை வாய்க்கும் அரிசியும் கேழ்வரகும் கொள்ளும் வைக்கோலும் வழியில் உள்ள ஊர்களிலிருந்துதான் வர வேண்டும். லம்பாடிகளும் பிரிஞ்சாரிகளும் பொதிமாட்டு மந்தைகளில் தானியம் கொண்டுவந்து விற்றார்கள். அவர்கள் வாங்கும் தானியமும் ஏதோ ஓர் ஊரின் களத்திலிருந்து வந்ததே.

ஆகவே எதிரியின் சேனையைப் பட்டினி போடுவதற்கு எளிய வழி, அது வரும் பாதையில் உள்ள ஊர்களை வெறுமையாக்குவது. தன் சேனைக்கு உணவு தேடுவதற்கு எளிய வழி, அதே ஊர்களைச் சூறையாடுவது. எந்தப் பக்கம் வென்றாலும் ஊரின் களஞ்சியம் காலியாகும். அரசுகளின் வருவாய் நிலவரியை நம்பியிருந்ததால் எதிரியின் ஊரை எரிப்பது அவன் கஜானாவை எரிப்பதற்குச் சமமாகக் கருதப்பட்டது.

மூன்றாவது காரணம் கூலி. மைசூர்ச் சேனையிலும் மராட்டியச் சேனையிலும் லூட்டிகள், பிண்டாரிகள் எனப்பட்ட ஒழுங்குபடாத குதிரைப்படையினர் இருந்தனர். அவர்களுக்குச் சம்பளம் குறைவு அல்லது இல்லை, கொள்ளையே ஊதியம். அவர்களை ஏவுவது என்றால் ஊர்களின் மேல் ஏவுவது என்றே பொருள். கும்பினிச் சேனை சம்பளப் படை. ஆயினும் பிடித்த கோட்டைகளின் பொருளைப் ‘பரிசுப் பணம்’ என்று அதிகாரிகளும் சிப்பாய்களும் பதவிவாரியாகப் பங்கிட்டுக்கொள்வது அதன் சட்டபூர்வமான வழக்கம்.

இது மைசூர்ப் போர்களில் பிறந்த வழக்கமும் இல்லை. 1688-89இல் பிரான்சின் பதினான்காம் லூயியின் படைகள் ரைன் ஆற்றங்கரையின் பலட்டினேட் நாட்டை ஊர் ஊராக எரித்தன. 1740களில் வங்காளத்தின் மேல் பாய்ந்த மராட்டிய பர்கிகளின் கொடுமையைக் கங்காராம் 1751இல் ‘மகாராஷ்டிர புராணம்’ என்ற வங்க நூலாக எழுதினார். புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, பிரெஞ்சு-ஆங்கிலப் போர்க்காலத்தில் சுற்றுப்புற மக்கள் மூட்டை முடிச்சோடு ஓடியலைந்ததைப் பதிவுசெய்கிறது. தமிழ்நாட்டு ஊர்கள் ஹைதருக்கு முன்பே முப்பது ஆண்டுகளாகப் போரைக் கண்டிருந்தன.

1780: சமவெளியில் தீ

இரண்டாம் போரில், 1780 ஜூலையில் ஹைதர் அலி 80,000 முதல் 90,000 வரை மதிப்பிடப்பட்ட சேனையோடு செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். கும்பினியும் நவாப் முகமது அலியும் ஆயத்தமாக இருக்கவில்லை. தொடக்கத்திலேயே பரங்கிப்பேட்டை கொள்ளையிடப்பட்டது. காஞ்சிபுரம் வரை குதிரைப்படை பரவியது. சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் பல மைல் அகலத்துக்கு ஊர்களை எரித்துக் குடிகளையும் ஆடுமாடுகளையும் அப்புறப்படுத்த ஹைதர் ஆணையிட்டார். சென்னையிலிருந்து புறப்படும் எந்தச் சேனைக்கும் ஒருபடி தானியமோ ஒருகட்டு வைக்கோலோ கிடைக்கக்கூடாது என்பதே நோக்கம். எரிந்த ஊரின் பக்கம் தங்கி நின்றவர்களை அங்கஹீனம் செய்யவும் உத்தரவு இருந்ததாக மார்க் வில்க்ஸ் எழுதுகிறார். வில்க்ஸ் கும்பினி அதிகாரி. மைசூரில் ரெசிடெண்டாக இருந்தவர். ஹைதர் மேல் அவருக்கு அன்பு இருந்திருக்க முடியாது. ஆனால் சமவெளி வெறிச்சோடியது என்ற செய்தியில் எல்லாச் சமகாலப் பதிவுகளும் ஒத்துப்போகின்றன.

1780 செப்டம்பர் 10இல் பொள்ளிலூரில் கும்பினியின் கர்னல் பெய்லி நடத்திய படை அழிந்தது. நவம்பரில் ஆர்க்காடு வீழ்ந்தது. வங்காளத்திலிருந்து வந்த கும்பினித் தளபதி சர் அயர் கூட், 1781இன் முதற்பாதியில் பல மாதங்கள் கடலூரை விட்டு நகர முடியாமல் முடங்கினார். நாட்டில் உணவு இல்லை. கப்பலில் வந்த அரிசியே சேனையின் உயிர். ஜூனில் சிதம்பரம் கோயிலைத் தாக்கியதற்கும் அங்கே சேமித்திருந்த தானியம் முக்கியக் காரணம். அந்தத் தாக்குதல் தோற்றது. பிறகு பரங்கிப்பேட்டை, இரண்டாம் பொள்ளிலூர், சோளிங்கர் என மூன்று சண்டைகளில் கூட் வென்றார். ஆனால் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அரிசி இல்லாமல் பின்வாங்கினார். அவரது சேனை வடக்கே பாளையக்காரர் நாட்டில் புகுந்து, குடிகள் குழிகளில் புதைத்து வைத்திருந்த தானியத்தைத் தோண்டி எடுத்து உண்டது. ஹைதரின் தீயிலிருந்து ஒளித்த நெல் கூட்டின் சிப்பாய்களிடம் போயிற்று. நவாபின் நண்பர்கள் என்று வந்தவர்களே அதை எடுத்துக்கொண்டார்கள்.

கோயில்கள் கோட்டைகளாக்கப்பட்டதும் குடிகளுக்குப் பெருந்துன்பம் தந்தது. உயர்ந்த மதில்களை உடைய சிதம்பரம், திருவண்ணாமலை, ஸ்ரீரங்கம் போன்ற தலங்களில் மாறி மாறிப் படைகள் தங்கின. ஆபத்துக் காலத்தில் ஊரார் அடைக்கலம் புகும் இடமே முற்றுகைக்கு உள்ளாகும் இடமாயிற்று.

தஞ்சை: விளைநிலம் பாழான கதை

1781-82இல் மைசூர்ப் படை தஞ்சை நாட்டில் பரவியது. அரசர் துளஜாஜியின் வசம் தலைநகர்க் கோட்டை மட்டுமே எஞ்சியது. நாடெங்கும் நெற்பயிர் எரிந்தது; உழவு மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன; ஆற்றுக் கரைகளும் மதகுகளும் சிதைந்தன. கழிமுக வேளாண்மை ஆண்டுதோறும் கரை கட்டி, வாய்க்கால் தூர்வாரி நடப்பது. அந்த வேலைக்கு ஆளும் மாடும் இல்லாமல் போனபோது, தீ படாத வயலும் தரிசாயிற்று. போருக்கு முந்திய விளைச்சலில் பத்தில் ஒன்றிரண்டு பங்கே இந்த ஆண்டுகளில் கிடைத்ததாக வருவாய்க் கணக்குகள் காட்டுகின்றன. தஞ்சைக் குடிகளின் நாவில் இக்காலம் நெடுநாள் ‘ஐதர் கலாபம்’ என்றே வழங்கியது.

வசதி உள்ளவர்கள் கோட்டைக்குள்ளும் டேனிஷ்காரரின் தரங்கம்பாடி போன்ற கடற்கரை ஊர்களுக்கும் ஓடினார்கள். நிலமும் மாடும் சொந்தமில்லாத பண்ணையாட்களுக்கு அந்த வாய்ப்பும் குறைவு. பெண்களும் குழந்தைகளும் உட்பட ஏராளமானோர் சிறைபிடிக்கப்பட்டு மைசூருக்கு நடத்திச் செல்லப்பட்டனர்.

அந்நாளில் தஞ்சையில் வாழ்ந்த ஜெர்மன் பாதிரியார் கிறிஸ்டியன் பிரெடெரிக் ஷ்வார்ட்ஸ் தொடர்பான ஒரு நிகழ்ச்சி, ஊர்களின் நிலையைத் தெளிவாகக் காட்டுகிறது. கோட்டைக்குள் சிப்பாய்கள் பட்டினியால் தெருவில் விழுந்துகொண்டிருந்தார்கள். வெளியே சில ஊர்களில் நெல் இருந்தது. ஆனால் கொண்டுவர மாடு தரக் குடிகள் மறுத்தார்கள். முன்பு அவர்களின் மாடுகளைப் பிடித்துச் சென்ற அரசரின் ஆட்கள் கூலி கொடுக்கவில்லை. கும்பினியின் சொல்லையும் அவர்கள் நம்பவில்லை. ஷ்வார்ட்ஸ் தம் கைப்பட உறுதி எழுதி அனுப்பினார். ஓரிரு நாளில் ஏறத்தாழ 1,000 மாடுகள் வந்தன. நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. அவர் வாக்களித்தபடி கூலியும் கொடுக்கப்பட்டது. பாதிரியாரின் நடமாட்டத்தைத் தடுக்க வேண்டாம் என்று ஹைதரும் தம் அதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தார். தம் அரசர், நவாப், கும்பினி, ஹைதர் ஆகிய நால்வரையும் குடிகள் ஒரே கண்ணால் பார்த்தார்கள் என்பதே இதன் பொருள். அவர்களைப் பொறுத்தவரை வரிவசூலும் படையெடுப்பும் ஒரே திசையிலிருந்து வரும் இரண்டு காற்றுகள்.

போருக்குப் பின் ஊர்களில் மிராசுதார்கள் குறைந்திருந்தார்கள். பல ஊர்களைச் சேர்த்து ஒருவர் பொறுப்பில் விட்டு வரி வாங்கும் பத்தக்தார் முறை இச்சூழலில்தான் தஞ்சையில் வேரூன்றியது. எரிந்த ஊர் மீண்டும் உழத் தொடங்கும் முன்பே அதன்மேல் ஒரு புதிய இடைத்தரகர் அமர்ந்துவிட்டார்.

பஞ்சம்

ஊர்களை எரித்ததைவிட, அதன் பின்விளைவாக வந்த பஞ்சமே அதிக உயிர்களைப் பறித்தது. 1781 முதல் 1783 வரை சென்னைக்குள் சுற்றுப்புற மக்கள் திரள் திரளாக நுழைந்தார்கள். நகரின் அரிசி வங்கத்திலிருந்தும் வடசர்க்காரிலிருந்தும் கடல்வழியே வந்தது. பிரெஞ்சுக் கடற்படை வங்கக் கடலில் உலவியதால் அந்த வழியும் அபாயமானது. 1782 அக்டோபரில் அடித்த புயலில் சென்னைக் கடற்கரையில் அரிசி ஏற்றி நின்ற தோணிகளும் கப்பல்களும் உடைந்தன. தெருவில் நாள்தோறும் பிணம் அள்ளும் நிலை ஏற்பட்டது. அப்போது கஞ்சி ஊற்றத் தொடங்கிய தருமமே பிற்காலத்தில் மணியக்காரர் சத்திரமாகவும், அதைத் தொட்டு வளர்ந்த மருத்துவமனை ஸ்டான்லி மருத்துவமனையாகவும் ஆயின.

1785 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க், நவாபின் கடன்கள் குறித்த உரையில் இந்தப் பேரழிவை விவரித்தார். ஹைதரின் கொடுமையைச் சொன்ன அவர், பழியை அவரோடு நிறுத்தவில்லை. நவாபுக்குக் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்து, அந்த வட்டிக்காகக் குடிகளை உறிஞ்சிய பால் பென்ஃபீல்டு போன்ற கும்பினி ஆட்களையும் பெயர்சொல்லிக் குற்றம் சாட்டினார். பஞ்சம் வரும்போது ஊரில் மிச்சமே இல்லாதபடி செய்தவர்கள் அவர்கள். மழை பொய்த்த பஞ்சத்துக்கும் இந்தப் பஞ்சத்துக்கும் வேறுபாடு உண்டு: இது பெரும்பாலும் மனிதர் விளைவித்தது.

மனிதரே கொள்ளைப்பொருளாதல்

அக்காலத் தென்னிந்தியாவில் நிலம் மிகுதி, உழைக்கும் கை குறைவு. ஆகவே குடிகளையே பெயர்த்துக் கொண்டுபோவது அரசுகளுக்கு ஆதாயமான செயலாக இருந்தது. சீராவிலிருந்து 12,000 குடும்பங்கள் வலுவில் பெயர்க்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் புறநகரான கஞ்சாமில் குடியேற்றப்பட்டதாக மைசூர்ச் சரித்திரக் குறிப்புகள் சொல்கின்றன. சிறைபிடித்த சிறுவர்களை மதம் மாற்றி ‘சேலா’ படைப்பிரிவுகளில் சேர்த்தனர். கைவினைஞர்கள் தொழிற்கூடங்களுக்குப் போயினர்.

1784இல் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர்கள், ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்ற குற்றச்சாட்டில் திப்புவால் மொத்தமாகச் சிறைபிடிக்கப்பட்டு மலைகளைக் கடந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்தப்பட்டனர். அவர்களின் தொகையை 30,000 முதல் அதன் இரு மடங்குக்கு மேல் வரை பலவாறு சொல்கின்றனர். வழியிலும் சிறையிலும் பலர் இறந்தனர். எஞ்சியவர்கள் 1799க்குப் பிறகே ஊர் திரும்பினர். குடகிலும் மலபாரிலும் திரும்பத் திரும்பக் கிளர்ச்சி எழுந்தபோது இதே தண்டனை கையாளப்பட்டது. குடகிலிருந்து கொண்டுபோகப்பட்டோர் எண்ணிக்கை பற்றிச் சமகாலக் குறிப்புகளே சில நூறு என்றும் பல பத்தாயிரம் என்றும் முரண்படுகின்றன. எண் எதுவாயினும் பெயர்ப்பு நடந்தது என்பதில் ஐயம் இல்லை.

கும்பினிப் படையின் பக்கமும் கறை உண்டு. 1783இன் தொடக்கத்தில் ஜெனரல் மேத்யூஸ் மேற்குக் கரையிலிருந்து பிதனூரை நோக்கி ஏறினார். ஆனந்தபூர்க் கோட்டையைப் பிடித்தபோது காவற்படையினர் கொல்லப்பட்டதும், அங்கிருந்த பெண்களும் வதைக்கப்பட்டதாக வந்த செய்தியும் இங்கிலாந்தில் அச்சாகிப் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயின. பெண்கள் பற்றிய செய்தியை அந்தப் படையின் அதிகாரிகள் பின்னர் மறுத்தார்கள். கொள்ளைப் பணத்தைப் பங்கிடுவதில் மேத்யூஸுக்கும் அவருடைய அதிகாரிகளுக்கும் எழுந்த சண்டை மட்டும் எவராலும் மறுக்கப்படவில்லை.

1791: பீடபூமியின் முறை

மூன்றாம் போரில் தீ மலை ஏறியது. 1791 மார்ச்சில் கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பெங்களூர்ப் பேட்டையையும் கோட்டையையும் பிடித்தார், பேட்டை கொள்ளையிடப்பட்டது. துணைக்கு வந்த நிஜாமின் குதிரைப்படை போரில் உதவியதைவிடச் சுற்றுப்புற ஊர்களைச் சூறையாடியதே அதிகம் என்று கும்பினி அதிகாரிகளே குறைகூறினர். மே மாதம் காரன்வாலிஸ் கனகனஹள்ளி வழியாக ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கி நடந்தபோது, ஹைதர் சமவெளியில் செய்ததைத் திப்பு தம் சொந்த நாட்டிலேயே செய்தார். பாதையோர ஊர்கள் காலிசெய்யப்பட்டன, வைக்கோல் எரிந்தது, குடிகள் காடுகளுக்குத் துரத்தப்பட்டனர். சொந்த அரசன் எரித்தாலும் அயலான் எரித்தாலும் கூரை ஒன்றுதான்.

உத்தி பலித்தது. மே 15இல் அரக்கெரே அருகே சண்டையில் வென்றபோதும் காரன்வாலிஸின் மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. இன்று கிருஷ்ணராஜசாகர் அணை நிற்கும் கண்ணம்பாடிப் பக்கத்தில் அவர் தம் பெரும் பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுத் திரும்பினார். திரும்பும் வழியில் மராட்டியச் சேனை எதிர்ப்பட்டது. பட்டினி கிடந்த கும்பினிச் சிப்பாய்கள் அந்தப் பாளையத்தின் கடைத்தெருவில் தானியமும் துணியும் நகையும் குவிந்திருக்கக் கண்டார்கள். அவற்றில் பெரும்பகுதி வழிநெடுகிலும் உள்ள மைசூர் ஊர்களில் கொள்ளையிடப்பட்டது.

அதே ஆண்டு பரசுராம் பாவ் பட்வர்தனின் படையைச் சேர்ந்த பிண்டாரிகள் சிருங்கேரியில் புகுந்தனர். ஊரார் பலரைக் கொன்று, மடத்தின் செல்வத்தைக் கொள்ளையடித்து, சாரதா தேவியின் திருமேனியையும் இடம்பெயர்த்தனர். மடாதிபதி கார்க்களாவுக்குத் தப்பிச் சென்றார். திருமேனியை மீண்டும் நிறுவப் பணமும் பொருளும் கொடுக்கும்படி திப்பு தம் பிதனூர் அதிகாரிக்கு ஆணையிட்டார். இதைக் காட்டும் கன்னடக் கடிதங்களை மைசூர்த் தொல்லியல் துறை இயக்குநர் ஆர். நரசிம்மாச்சார் 1916இல் மடத்தில் கண்டெடுத்தார். இந்துப் படை இந்து மடத்தைச் சூறையாட, முஸ்லிம் மன்னர் அதைப் புதுப்பிக்கிறார். அதே மன்னர் மங்களூரிலும் குடகிலும் வேறு முகம் காட்டியவர். மதம் என்ற ஒரே திறவுகோலால் இந்தப் போர்களைத் திறக்க முடியாது.

1792 மார்ச்சில் போர் முடிந்தது. திப்பு பாதி நாட்டை இழந்ததோடு, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் கொடுக்கவும் ஒப்பினார். அதில் ஒரு பகுதி நஜராணா என்ற பெயரில் குடிகளின் தலையில் இறங்கியது. தம்மை அழித்த போரின் செலவை ஊர்களே கட்டின.

1799: தலைநகரும் சுற்றூர்களும்

நான்காம் போரில் ஹாரிஸ் 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்டார். வழியில் புல்லும் வைக்கோலும் மறுபடி எரிக்கப்பட்டன. மார்ச் 27இல் மளவள்ளியில் தோற்ற திப்பு, எதிரி எந்த வழியில் வருவான் என்று கணித்து அந்த வழியைப் பாழாக்கினார். ஹாரிஸோ இன்றைய மைசூர் மாவட்டத்தின் சோசலெ அருகே காவிரியைக் கடந்தார். அப்பக்கம் தீ எட்டாததால் அங்கே தீவனமும் கால்நடையும் கிடைத்தன. எரிக்கப்படாத அந்த ஊர்களின் களஞ்சியங்கள் முற்றுகைப் படைக்கு உணவாயின.

மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சண்டையிட்டு மடிந்தார். கோட்டைக்குள் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அன்றிரவு கொள்ளையும் பெண்கள் மீதான வன்முறையும் கட்டுக்கடங்காமல் நடந்தன. மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, கொள்ளையர் நால்வரைத் தூக்கிலிட்டும் பலரைக் கசையால் அடித்தும் ஒழுங்கைக் கொண்டுவந்தார். கொள்ளைக்குத் தப்பிய வீடு நகரில் அரிது என்று அவரே தம் அண்ணனான கவர்னர் ஜெனரலுக்கு எழுதினார். அதன்பின் அரண்மனைச் செல்வம் பரிசுப் பணமாக முறைப்படி பங்கிடப்பட்டது. இரவில் எடுத்தது குற்றம் எனவும் பகலில் பங்கிட்டது சட்டம் எனவும் ஆயிற்று.

ஜூன் 30இல் சிறுவன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் முடிசூடினார். அந்த மைசூர் நகரும் போரின் காயத்தைச் சுமந்ததே. 1787 வாக்கில் திப்பு பழைய நகரையும் கோட்டையையும் இடித்து, கல்லைக் கொண்டுபோய்ப் பக்கத்து மேட்டில் நஜர்பாத் என்ற கோட்டையைக் கட்டத் தொடங்கினார். அதே கல் 1799க்குப் பின் திரும்பி வந்தது.  அமைதி உடனே வரவும் இல்லை. சிறையிலிருந்து தப்பிய தோண்டியா வாக், கலைக்கப்பட்ட சேனையின் குதிரை வீரர்களைத் திரட்டி 1800 செப்டம்பரில் கொல்லப்படும் வரை வடமைசூர் ஊர்களைச் சூறையாடினார்.

குடிகள் உயிர் காத்த வழிகள்

இத்தனைக்கும் நடுவே ஊரார் வெறுமனே காத்திருக்கவில்லை. மைசூர்ப் பீடபூமியின் ஊர்கள் பலவற்றைச் சுற்றி மண்சுவரும் முள்வேலியும், நடுவே ஒரு காவல் கொத்தளமும் இருந்தன. சிறு கொள்ளைக் கூட்டத்தைக் கல்லெறிந்தும் கவண் வீசியும் துப்பாக்கி சுட்டும் விரட்டினார்கள். பீரங்கி வந்தால் அது பயன்படாது. கேழ்வரகைத் தரையடிக் குழிகளில் புதைத்தார்கள். அது பல ஆண்டுகள் கெடாது. கால்நடைகளை மலைக்கு ஓட்டினார்கள். உளவாளிகளையும் ஓட்டக்காரரையும் வைத்துப் படை வரும் திசையை அறிந்தார்கள். எல்லாவற்றையும் மீறினால் ஊரோடு பெயர்ந்து அடுத்த அரசனின் எல்லைக்குள் குடியேறினார்கள். உழவனை இழக்க எந்த அரசும் விரும்பாததால், குடிபெயர்வு என்பது ஏழையின் கையில் இருந்த ஒரே ஆயுதம்.

அதற்கும் விலை இருந்தது. 1800இல் சென்னையிலிருந்து மைசூர், கனரா, மலபார் வழியாகப் பயணம் செய்த மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் ஊர் ஊராக உழவர்களிடம் கேட்டு எழுதிய நூல் 1807இல் வெளிவந்தது. காரன்வாலிஸ் வந்த ஆண்டில் காட்டுக்குத் துரத்தப்பட்டவர்கள் பசியாலும் நோயாலும் மாண்டதையும், பாதி வீடுகள் இடிந்து கிடப்பதையும், உழவில்லாத வயல்களில் புதர் மண்டியதையும் அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. 1792இல் கும்பினிக்கு வந்த பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தபோதும் ஆள் பற்றாக்குறையே முதல் சிக்கலாக இருந்தது. ரயத்துவாரி முறை பிறந்தது போரில் சிதறிய இந்த ஊர்களில்தான்.

சான்றுகளும் நினைவும்

இப்போர்களில் இறந்த ஊர்மக்களின் தொகையை எவரும் எண்ணவில்லை. அரசுகள் குதிரையையும் பீரங்கியையும் வரிப்பாக்கியையும் எண்ணின. கிடைக்கும் சான்றுகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தவை. வில்க்ஸ், கிர்க்பாட்ரிக் போன்ற கும்பினி ஆசிரியர்கள் மைசூரின் கொடுமையைப் பெருக்கினார்கள். கும்பினி நாட்டைக் கைப்பற்றியதற்கு அது நியாயம் தந்தது. கிர்மானியின் பாரசீகச் சரித்திரம் தன் தலைவர்களின் வீரத்தைப் பாடியது. காலின் மெக்கன்சி திரட்டிய ஊர்க் கைபீதுகளில்தான் குடிகளின் குரல் ஓரளவு கேட்கிறது. இன்ன கலாபத்தில் ஊர் பாழாயிற்று, இத்தனை ஆண்டு கழித்து இன்னார் வந்து குடியேற்றினார் என்று அவை சுருக்கமாகச் சொல்கின்றன. சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ள அந்தக் கைபீதுகளை இந்த நோக்கில் முழுமையாக ஆராயும் பணி செய்யத் தக்கது.

நினைவு வேறு வகையில் இயங்குகிறது. மேலுக்கோட்டையின் மண்டயம் ஐயங்கார்கள் தம் முன்னோர் திப்புவால் கொல்லப்பட்டதாகச் சொல்லும் மரபின்படி தீபாவளி கொண்டாடுவதில்லை. சமகால ஆவணம் குறைவு என்பதால் வரலாற்றாய்வாளர்கள் இதில் கருத்து வேறுபடுகின்றனர். அதே மேலுக்கோட்டையை 1771இல் மராட்டியப் படை சூறையாடியது ஏடுகளில் உள்ளது. அதற்கு இன்று நினைவு நாள் எதுவும் இல்லை. 2015 முதல் கர்நாடக அரசு நடத்திய திப்பு ஜெயந்தி விழாவும் 2019இல் அதை நிறுத்தியதும் இந்த வரலாற்றை அரசியல் வழக்காக்கிவிட்டன. ஒரு தரப்பு மங்களூரையும் குடகையும் மட்டும் நினைக்கிறது. மறுதரப்பு சிருங்கேரிக் கடிதங்களை மட்டும் நினைக்கிறது. தஞ்சையின் பண்ணையாளும் கனகனஹள்ளியின் கேழ்வரகு உழவனும் இரண்டு பட்டியலிலும் இல்லை.

சட்டமும் தீர்ப்பும்

அக்காலத்தில் இச்செயல்களைத் தடுக்கும் சர்வதேசச் சட்டம் இல்லை. 1899, 1907 ஹேக் உடன்படிக்கைகள் கொள்ளையைத் தடைசெய்தன. 1949இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை போர்க்காலக் குடிமக்களுக்குப் பாதுகாப்பளித்தது. 1977இன் முதல் கூடுதல் நெறிமுறையின் 54ஆம் பிரிவு, குடிமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்வதையும், பயிர், கால்நடை, குடிநீர் நிலை, பாசன அமைப்பு ஆகியவற்றை அழிப்பதையும் நேரடியாகத் தடுக்கிறது. ஹைதர் 1780இல் செய்தது ஏறக்குறைய வரிக்கு வரி அந்தப் பிரிவில் அடங்கும். இந்தியா ஜெனீவா உடன்படிக்கைகளை ஏற்று 1960இல் சட்டமும் இயற்றியுள்ளது. 1977 நெறிமுறைகளை இன்னும் ஏற்கவில்லை.

சட்டம் எழுதப்பட்டதால் மட்டும் ஊர் காக்கப்படுவதில்லை என்பதற்கு ஈழத்துத் தமிழ் ஊர்களே சான்று. 1996 பிப்ரவரியில் திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் 24 பேர் கொல்லப்பட்ட வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட இராணுவத்தினர் 2016இல் விடுவிக்கப்பட்டனர். 2000 டிசம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 8 பேரைக் கொன்ற வழக்கில் 2015இல் தண்டனை பெற்ற இராணுவ வீரர் 2020இல் பொதுமன்னிப்பில் வெளிவந்தார். ஜெனீவாவுக்கு முன்பும் பின்பும் ஊரின் நிலை ஒன்றுபோலவே இருக்கிறது என்றால், குறை சட்டத்தின் சொற்களில் இல்லை. அதைச் செயல்படுத்த வேண்டியவர்களிடம் இருக்கிறது.

மைசூர்ப் போர்களின் சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது முடிவு ஒன்றே. ஊர்களை அழித்தது ஒரு மன்னனின் குணக்கேடோ ஒரு மதத்தின் வெறியோ மட்டும் இல்லை. மைசூர், கும்பினி, மராட்டியர், நிஜாம் ஆகிய நான்கு சேனைகளும் கையாண்ட போர்முறை அது. ஒரு தரப்பின் கொடுமையை எடுத்துக்காட்டி இன்னொரு தரப்பை விடுவிக்கும் எந்த வரலாறும் அந்தக் குடிகளுக்கு நியாயம் செய்யாது. இப்போர்களைப் பாடநூலில் எழுதுவோர், சண்டைகளின் தேதிகளோடு எரிந்த ஊர்களையும் பஞ்சத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ஆட்சியாளர்களின் பெயரால் சண்டையிடும் இன்றைய தரப்புகள், அந்த ஆட்சியாளர்கள் அனைவருக்கும் சோறு போட்டு அழிந்தவர்களின் கணக்கை முதலில் எடுக்க வேண்டும்.